முகமும் வேஷமும்

ஒரு கதையில் எந்தப் பாத்திரத்தை எவர் ஏற்பது என்னும் கேள்வி எழும்போது, நடிகருடைய பயிற்சியும் குரல்வளமும் உணர்ச்சியை வெளியிடும் ஆற்றலும் ஆராயப்படுவதற்கு முன்பாகவே, அவருடைய மூக்கின் அமைப்பும் கண்களின் அளவும் தோலின் நிறமும் தாடையின் அகலமும் அந்தக் கேள்விக்கு விடை சொல்லி முடித்துவிடுகின்றன என்பதைத் திரைப்படத் துறையோடு சிறிதேனும் பழகியவர்கள் அறிவார்கள். வாய்ப்புத் தேடி வருகிறவர் படக் கம்பெனியின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகும் புகைப்படங்களைப் புரட்டிக்கொண்டே, இவர் கதாநாயகனுக்கு உகந்தவர், இவர் அடியாளுக்கு, இவர் சிரிப்புக்கு, இந்தப் பெண் தோழிக்கு, அந்தப் பெண் வேலைக்காரிக்கு என்று பிரித்துவிடுகிறார்கள். ஒரு தடவை அந்தப் பிரிவுக்குள் வைக்கப்பட்டவர், எத்தனை திறமை உடையவராயினும், அதிலிருந்து வெளிவருவதற்கு ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டியிருக்கிறது. பிறவியில் வாய்த்த முக அமைப்பைக் கொண்டு ஒருவருடைய வேஷத்தை நிர்ணயிக்கும் இந்த வழக்கம் தொழில் சௌகரியத்திற்காகப் பிறந்ததேயன்றிக் கலையின் நியதியால் பிறந்ததன்று என்பதும், அதனால் உண்டாகும் நஷ்டம் நடிகரோடு நின்றுவிடாமல், அவரைப் பார்க்கிற நம் ஒவ்வொருவரையும் வந்து சேர்கிறது என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

பாத்திரத்திற்குத் தக்க உருவத்தைத் தேடுவது இன்று நேற்று ஏற்பட்ட பழக்கமன்று. பரத முனிவரின் பெயரால் வழங்கும் நாட்டிய சாஸ்திரம், வேஷங்களைப் பகிர்ந்தளிக்கும் முறையைப் பற்றியே தனியாக ஓர் அத்தியாயத்தை வகுத்து, தேவர்களாக வருகிறவர்களுக்கு அங்க லட்சணங்கள் குறைவின்றி அமைந்திருக்க வேண்டுமென்றும், அரக்கர்களாக வருகிறவர்கள் பருத்த சரீரமும் இடிபோன்ற குரலும் உக்கிரமான கண்களும் உடையவர்களாக இருக்க வேண்டுமென்றும் விதி செய்கிறது. ஆனால் அதே நூல் அங்கேயே நின்றுவிடாமல், இயல்புக்கு ஒத்த வேஷம் ஒருவகை என்றும், இளைஞன் முதியவனாகவும் முதியவன் இளைஞனாகவும் வருவது இன்னொரு வகை என்றும், ஆடவன் பெண்ணின் தன்மையை உட்கொண்டு பெண்ணாகவே தோன்றுவது மற்றொரு வகை என்றும் பிரித்துக் கூறி, தன் சொந்த உருவத்தைக் கடந்து செல்வதும் நடிகனுடைய தர்மத்தில் அடங்கியதே என்று ஒப்புக்கொள்கிறது. விதியையும் அதைத் தாண்டும் வழியையும் ஒரே இடத்தில் வைத்த அந்தப் பழமையான சிந்தனையில், நாம் முன்பாதியை மட்டும் பற்றிக்கொண்டு பின்பாதியைக் கைவிட்டுவிட்டோம்.

நமது மேடை மரபுகளோ அந்தப் பின்பாதியைத்தான் பெரிதும் போற்றி வளர்த்தன. கேரளத்துக் கதகளியில் உத்தம நாயகனுக்குப் பச்சை, இராவணன் துரியோதனன் போன்ற ஆணவ வீரர்களுக்குக் கத்தி, துச்சாதனனுக்குச் சிவப்புத் தாடி, அனுமனுக்கு வெள்ளைத் தாடி, வேடருக்கும் அரக்கியருக்கும் கரி, பெண்களுக்கும் முனிவர்களுக்கும் மினுக்கு என்று முகத்தில் எழுதும் வண்ணமே குணத்தை அறிவித்துவிடுகிறது. அந்த வண்ணத்தின் அடியில் இருக்கும் மனிதனுடைய மூக்கு சப்பையா கூர்மையா என்று சபையில் எவரும் விசாரிப்பதில்லை. தமிழ்நாட்டுத் தெருக்கூத்திலும் அரிதாரம் பூசிக் கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்துக்கொண்டு திரை விலக்கி வெளிவருகிறவன், அந்த இரவு விடியும் வரையில் துரியோதனனாகவே இருக்கிறான். இந்த மரபுகளில் குணத்தின் அடையாளம் அரிதாரத்தோடு சேர்ந்தது. விடிந்ததும் அது கழுவப்பட்டுவிடும். நடிகனுடைய சொந்த முகத்தின்மீது எந்தக் குற்றமும் தங்குவதில்லை.

சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்தில் தழைத்த பாய்ஸ் கம்பெனி நாடக மேடையிலும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று பிரிவுகள் இருந்தன என்பது உண்மையே. குரலும் தோற்றமும் அந்தப் பிரிவுகளில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன என்பதும் உண்மையே. ஆயினும் வளர்கிற பையன் ஒருவன் ஒரு வேஷத்திலிருந்து இன்னொரு வேஷத்திற்கு மாறிக்கொண்டே போக அங்கே இடமிருந்தது. பின்னாளில் வீரபாண்டிய கட்டபொம்மனாகக் கர்ஜித்த சிவாஜி கணேசன் சிறுவயதில் சீதையாக வேஷம் கட்டியவர். டி. கே. சண்முகம், நடுவயதை எட்டுமுன்பே, பல் போன பாட்டியாகிய ஔவையாராக மேடையேறி, அந்த வேஷத்தில் பெற்ற புகழினால் 'ஔவை சண்முகம்' என்று ஊரார் அழைக்கும் பெயரையே பெற்றார். சென்னையில் ஒரு பெரிய சாலை இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆண்முகத்தில் ஒரு மூதாட்டியின் ஞானத்தையும் கனிவையும் கண்டு கண்ணீர் விட்ட ரசிகர்கள் நம்முடைய பாட்டனார் பாட்டிமாரே ஆவார்கள். முகத்தைத் தாண்டிப் பார்க்கும் சக்தி நம் ஜனங்களுக்கு இல்லை என்று சொல்லுகிறவர்கள் இதைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த நிலைமையை மாற்றியது காமிரா. நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்திருந்தவனுக்கு நடிகனுடைய முகம் ஒரு சிறிய வெளிச்சப் புள்ளியாகவே தெரிந்தது. அவனைக் கட்டிப்போட்டவை குரலும் பாட்டும் அங்க அசைவுமே. திரைப்படத்தின் அண்மைக் காட்சியிலோ ஒரு முகம் இருபது அடி உயரத்திற்கு வளர்ந்து நின்று, தன் ஒவ்வொரு சுருக்கத்தையும் தழும்பையும் காட்டுகிறது. இதன் வலிமையை முதலிலேயே உணர்ந்துகொண்ட ருஷ்யத் திரைப்பட மேதை ஐசன்ஸ்டீன், 1925-ஆம் ஆண்டில் வெளிவந்த 'போர்க்கப்பல் பொடெம்கின்' போன்ற படங்களுக்கு, நடிப்புப் பயிற்சியே இல்லாத சாதாரண மனிதர்களை, இவர் முகத்தைக் கண்டவுடனே இவர் தொழிலாளி, இவர் பூர்ஷ்வா, இவர் பாதிரியார் என்று விளங்கிவிடும் என்ற காரணத்திற்காகவே பொறுக்கி எடுத்தார். கூட்டத்தையே நாயகனாகக் கொண்ட அவருடைய படங்களுக்கு அந்த முறை பொருத்தமாக இருந்தது. ஆனால் தனி மனிதனுடைய நெஞ்சின் கதையைச் சொல்ல வந்தவர்களும் அதையே குறுக்கு வழியாகக் கொண்டபோதுதான் தீங்கு தொடங்கிற்று.

அதே ருஷ்யாவில், அதே காலத்தில், குலஷோவ் என்னும் இயக்குநர் செய்த ஒரு பரீட்சை இந்தக் குறுக்கு வழியின் பொய்மையை வெளிப்படுத்திவிட்டது. மோஸ்ஜூகின் என்ற நடிகருடைய சலனமற்ற முகத்தைக் காட்டும் ஒரே துண்டுப் படத்தை எடுத்து, அதன் பக்கத்தில் ஒருமுறை உணவுக் கிண்ணத்தையும், ஒருமுறை சவப்பெட்டியையும், இன்னொருமுறை வேறொரு காட்சியையும் வைத்து ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் அந்த ஒரே முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் வெவ்வேறாகக் கண்டு வியந்தார்கள். முகத்திலே அர்த்தம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கவில்லை. அதன் அண்டையில் எது வைக்கப்படுகிறதோ அதிலிருந்தே அர்த்தம் பிறந்தது. ஒரு முகத்தைக் கொடியது என்று நாம் கருதுவோமானால், கொடிய செயல்களின் அருகிலேயே அதைத் திரும்பத் திரும்ப வைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்பதே அதற்குக் காரணம் என்பது இந்தப் பரீட்சையிலிருந்து தெளிவாகிறது.

எம். என். நம்பியாரின் வாழ்க்கையைக் காட்டிலும் இதற்குச் சிறந்த சாட்சியம் நமது திரையுலகில் கிடைக்காது. அவருடைய முகத்தை உணர்ச்சியின்றி உற்றுப் பார்த்தால் அது ஒழுங்கான, களையான முகமே என்பது விளங்கும். 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட 'திகம்பர சாமியார்' படத்தில் பல மாறுவேஷங்களை ஏற்று முதன்மைப் பாத்திரமாக வந்தவர் அவரே. உருட்டிய விழியும் பிசைந்த கையும் கோணிய உதடும் அவர் தம்முடைய சாதகத்தால் உண்டாக்கிக்கொண்ட கருவிகள், பிறப்பில் வந்தவையல்ல. ஆயினும் எம்.ஜி.ஆரின் படங்களில் ஆண்டுக்கணக்காக வில்லனாகவே தோன்றியதன் பயனாக, மது மாமிசம் தொடாதவரும், சபரிமலைக்குப் பல்லாண்டுகள் யாத்திரை சென்று ஐயப்ப பக்தர்களால் மகாகுருசாமி என்று வணங்கப்பட்டவருமான அந்த மனிதருடைய முகத்தைக் கண்டாலே பட்டிதொட்டியில் உள்ள தாய்மார்கள் வெகுண்டு சபித்தார்கள். 1982-இல் 'தூறல் நின்னு போச்சு' படத்தில் பாக்கியராஜ் அவரை அன்பும் வேடிக்கையும் நிறைந்த பெரியவராகக் காட்டியபோது, அந்த முகத்தில் அத்தனை இனிமை அடங்கியிருந்ததா என்று ரசிகர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அந்த இனிமை முப்பது ஆண்டுகளாக அங்கேதான் இருந்தது; அதைக் கேட்பாரில்லை.

டி. எஸ். பாலையாவின் சரித்திரமும் இதையே உறுதி செய்கிறது. 1936-இல் 'சதிலீலாவதி'யில் வில்லனாக நுழைந்து, பல படங்களில் வஞ்சகராகவே நடமாடிய அவர், 1964-இல் 'காதலிக்க நேரமில்லை'யில் பணக்காரத் தகப்பனாராக வந்து, திகில் கதை கேட்டு நடுங்கிய நடுக்கத்தால் தமிழகம் முழுவதையும் சிரிக்க வைத்தார். அடுத்த ஆண்டு 'திருவிளையாடல்' படத்தில் கர்வம் பிடித்த ஹேமநாத பாகவதராக வந்து, அந்தக் கர்வம் உடைந்து கரைவதையும் காட்டினார். முகம் ஒன்றே, அதனிடம் வெவ்வேறு காரியங்களைக் கேட்கத் துணிந்தவர்கள் கிடைத்தார்கள் என்பதே வேறுபாடு. வி. கே. ராமசாமியோ இருபது வயதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே 1947-இல் 'நாம் இருவர்' படத்தில் கிழவராக வேஷம் கட்டி, அது பொருந்திவிட்ட ஒரே காரணத்தால், இளமை முழுவதையும் திரையில் முதியவராகவே கழித்தார்.

இவர்களுக்கெல்லாம் மேலாக நம் உள்ளத்தைத் தொடுவது நாகேஷின் கதை. பெரியம்மை வந்து போன தழும்புகள் அவர் முகம் முழுவதும் பரவியிருந்தன. மெலிந்த உடலும் குழிந்த கன்னமும் அதனோடு சேர்ந்துகொண்டன. அந்த முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பு நடிகராக மட்டுமே வாழலாம் என்று துறை தீர்மானித்தது. அவரும் அந்த எல்லைக்குள்ளேயே ஒப்பற்ற ஸ்தானத்தை அடைந்தார். ஆனால் கே. பாலசந்தர், அந்தத் தழும்புகளை மறைக்க முயலாமல், அவற்றோடு வாழ நேர்ந்த ஒரு மனிதனுடைய ஏக்கத்தையே கதையாக்கி 'சர்வர் சுந்தரம்' எழுதினார். முதலில் நாடகமாக மேடையேறி, 1964-இல் கிருஷ்ணன்-பஞ்சுவின் இயக்கத்தில் திரைக்கு வந்த அக்கதையில், ஹோட்டல் சர்வராகிய சுந்தரம் பெரிய நடிகனாக உயர்கிறான். லட்சோபலட்சம் ஜனங்கள் அவனைக் கொண்டாடுகிறார்கள். ஆனாலும் அவன் உயிருக்குயிராக நேசித்த பெண்ணின் உள்ளமோ அவனுடைய நண்பனிடம் இருக்கிறது. அவலட்சணமானவன் என்று தன்னைத்தானே எண்ணிக் குன்றிப்போகும் ஒருவனுடைய வேதனையை அந்த முகம் சுமந்து காட்டியதுபோல, செதுக்கி வைத்த சிலை போன்ற எந்த நாயக முகமும் காட்டியிருக்க முடியாது.

பெரியம்மை 1975-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் ஒழிந்தது. எனவே அந்நோயின் தழும்பு என்பது இன்றைய இளைஞர்களுக்குச் செவிவழிச் செய்தியாகவே இருக்கலாம். ஆனால் நாகேஷ் திரைக்கு வந்த நாட்களில், கொட்டகையில் அமர்ந்து படம் பார்த்த கூட்டத்தில் வரிசைக்கு ஒருவராவது அத்தகைய தழும்புகளோடு இருந்திருப்பார்கள். அவர்கள் அதுவரை தங்களை ஒத்த ஒரு முகத்தைத் திரையிலே பரிகாசத்துக்குரியதாகவோ பயங்கரமானதாகவோதான் கண்டிருந்தார்கள். 'நீர்க்குமிழி'யிலும் 'எதிர்நீச்ச'லிலும் அந்த முகம் கதையின் மையத்தில் நின்று, நோயோடும் வறுமையோடும் போராடி, மரியாதையைக் கேட்டுப் பெற்றபோது, அந்த மனிதர்களுக்கு உண்டான ஆறுதலை நம்மால் அளவிட முடியுமா? ஒரு நடிகரைச் சிறைமீட்கும் செயல், அவரை ஒத்த எண்ணற்ற மனிதர்களுக்கும் மானத்தைத் திருப்பித் தருகிறது என்பதனால்தான் இந்த விஷயத்தைப் பற்றி இவ்வளவு அழுத்தமாக எழுத வேண்டியிருக்கிறது.

நமது இரண்டு பெரிய நட்சத்திரங்களும் இந்த வாசலில் தடுக்கப்பட்டவர்களே என்பதை நினைவுகூர்வது பயன் தரும். 1952-இல் 'பராசக்தி' தயாரானபோது, ஒல்லியாக இருந்த கணேசனுடைய தோற்றத்தில் ஏவி. மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தி ஏற்படவில்லை. படப்பிடிப்புத் தொடங்கிய பின்னரும் வேறொருவரைப் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சு எழுந்தது. நேஷனல் பிக்சர்ஸ் பி. ஏ. பெருமாள் முதலியார் ஒருவருடைய அசையாத உறுதியினால்தான் தமிழ் நடிப்பின் போக்கையே மாற்றிய அந்தக் கலைஞர் நமக்குக் கிடைத்தார். பின்னர், 1977-இல் 'புவனா ஒரு கேள்விக்குறி'யை எடுத்த எஸ். பி. முத்துராமன், 'கந்தன் கருணை'யில் முருகனாகவே தோன்றிய சிவகுமாரின் தெய்வீகக் களை பொருந்திய முகத்திற்குப் பெண்ணை ஏமாற்றிக் கைவிடும் கயவனின் வேஷத்தையும், அதுகாறும் வில்லனாக அறியப்பட்டிருந்த ரஜினிகாந்தின் கறுத்த, கலைந்த முகத்திற்கு அந்தப் பெண்ணைக் காப்பாற்றி வாழ்வளிக்கும் உத்தமனின் வேஷத்தையும் கொடுத்தார். வேஷங்களை இவ்விதம் இடம் மாற்றியதனால் கதையின் நீதி இன்னும் ஆழமாக விளங்கிற்று. ஏனெனில் உலகத்தில் ஏமாற்றுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல முகத்தோடுதான் வருகிறார்கள். அடுத்த ஆண்டிலேயே 'முள்ளும் மலரும்' படத்தில் தங்கைமீது உயிரையே வைத்த காளி என்னும் முரட்டு அண்ணனாக ரஜினிகாந்தைத்தான் போட வேண்டுமென்று மகேந்திரன் விரும்பியபோதும், அவருடைய நிறத்தையும் வில்லன் என்ற பெயரையும் எண்ணித் தயாரிப்பாளர் தயங்கினார். இயக்குநர் பிடிவாதமாக நின்றார். தமிழின் தலைசிறந்த படங்களில் ஒன்று பிறந்தது.

ஆண்களுக்கு இப்படி அவ்வப்போது ஒரு கதவு திறக்கிறது. பெண்களின் விஷயத்தில் அநீதி இன்னும் கடுமையானது. 1958-இல் 'மாலையிட்ட மங்கை' வழியாகத் திரைக்கு வந்த மனோரமாவிடம், கதாநாயகியாக வந்தால் சில ஆண்டுகளே நிலைக்கலாம், நகைச்சுவையில் இறங்கினால் நெடுங்காலம் நிலைக்கலாம் என்று கவிஞர் கண்ணதாசன் சொன்னதாக அவரே நன்றியோடு கூறியிருக்கிறார். அந்த ஆலோசனை அன்றைய நிலைமையில் விவேகமானதுதான். அவருடைய வெற்றியும் உலகறிந்தது. ஆனால் 'தில்லானா மோகனாம்பா'ளில் ஜில்ஜில் ரமாமணியாக வந்து, சிரிப்பின் நடுவே கண்ணீரைத் துளிர்க்க வைத்த அந்த மகா நடிகைக்கு, அவருடைய முழு ஆற்றலுக்கும் ஈடான நாயகி வேஷங்கள் எத்தனை கிடைத்தன என்று கேட்டால், நாம் தலைகுனியத்தான் வேண்டியிருக்கிறது.

சரிதாவின் கதையில் இந்த அநீதி கண்ணுக்கும் காதுக்கும் நேராகவே புலப்படுகிறது. 1978-இல் 'மரோசரித்ரா' என்னும் தெலுங்குப் படத்திற்காக, நாயகிகளின் இலக்கணத்தில் அடங்காத கருநிறமும் பருத்த சரீரமும் உடைய ஒரு சிறுபெண்ணைப் பாலசந்தர் தேர்ந்தெடுத்தார். அந்தப் பெரிய கண்களில் அவர் கண்டது வீண்போகவில்லை. 'தண்ணீர் தண்ணீர்', 'அக்னி சாட்சி' முதலிய படங்களில் சரிதா காட்டிய நடிப்பு, அக்காலத்தில் எந்த மொழியின் நடிகைக்கும் சளைத்ததன்று. ஆயினும் காலம் சற்றே மாறியவுடன், அதே சரிதா ஒலிப்பதிவுக் கூடத்தின் இருட்டில் நின்று, நக்மா, விஜயசாந்தி போன்ற நாயகிகளுக்குக் குரல் கொடுத்தார். திரையில் மலர்ந்த முகம் ஒருவருடையது. அந்த முகத்திற்கு உயிரூட்டிய கோபமும் காதலும் அழுகையும் இன்னொருவருடையது. குரல்வழியாக நடிப்பை ஏற்றுக்கொண்டு, அதற்குரிய முகத்தைத் திரைக்கு அப்பால் நிறுத்தி வைத்த ஒரு தொழில், தான் அழகை மட்டும் விலைக்கு வாங்கியதாக எண்ணலாம். உண்மையில் அது ஒரு கலைஞரை இரண்டாகப் பிளந்திருக்கிறது.

சோபாவின் 'பசி'யும் அர்ச்சனாவின் 'வீடு'ம் தேசிய விருதுகளைப் பெற்று, மாநிறமும் கருநிறமும் கொண்ட முகங்கள் திரையின் பாரத்தைத் தாங்கவல்லவை என்பதை ஐயமற நிரூபித்த பின்னரும், வணிகப் படங்களுக்கு நாயகி தேடுகிறவர்கள் வடநாட்டுக்கே விமானம் ஏறினார்கள். கதைப்படி குடிசையில் வாழ்கிற பெண் வேண்டுமென்றால், வெளுத்த நிறமுள்ள நடிகைக்குக் கருஞ்சாயம் பூசினார்களேயன்றி, இயற்கையாகவே அந்த நிறமுடைய ஒரு நடிகையைத் தேடிப் பார்க்கவில்லை. பெரும்பான்மையான ஜனங்கள் கறுத்த நிறமுடையவர்களாக உள்ள ஒரு நாட்டில், நாயகனைச் சூழ்ந்து தாக்க வரும் அடியாட்கள் அனைவரும் கன்னங்கரிய முகத்தினராகவும், அவன் காப்பாற்றப்போகும் பெண் ஒருத்தி மட்டும் வெள்ளை வெளேரென்றும் இருக்க வேண்டுமென்று எந்தக் கதை கேட்டது? உழைத்து உரமேறிய கைகளும் வெயிலில் கறுத்த முகமும் குற்றத்தின் அடையாளம் என்று ஒரு தலைமுறைக்குப் பின் ஒரு தலைமுறையாகக் குழந்தைகளுக்குக் காட்டி வருவது எத்தனை பெரிய அபசாரம்!

ஒரு முகத்தைக் கண்டவுடன் அவர் யோக்கியரா அயோக்கியரா என்று மனம் தீர்ப்புக் கூறிவிடுவது மனித சுபாவமே. விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஒரு முகத்தைக் கண்டாலே போதும், இவர் நம்பத்தக்கவர், இவர் நம்பத்தகாதவர் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது என்பதை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட பரிசோதனைகளில் காட்டினார்கள். ஆனால் முடிவு விரைவாகத் தோன்றுவதனாலேயே அது சரியானதாகிவிடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இத்தாலிய வைத்தியர் லொம்ப்ரோஸோ, குற்றவாளிகளைத் தாடையாலும் நெற்றியாலும் காதுகளாலும் கண்டுகொள்ளலாம் என்று 1876-இல் பெரியதொரு நூலே எழுதினார். இங்கிலாந்தின் சிறை வைத்தியர் சார்லஸ் கோரிங், ஏறத்தாழ மூவாயிரம் கைதிகளை அளந்து, அவர்களைச் சிறைக்கு வெளியே உள்ள மற்ற மனிதர்களோடு ஒப்பிட்டு, அப்படிப்பட்ட குற்றவாளி முகம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று 1913-இல் நிறுவினார். அறிவியல் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்ட இந்தப் பிரமையைத் திரைப்படம் மட்டும் இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

உள்ளத்தில் எழும் உணர்ச்சியை முகம் காட்டிவிடும் என்று குறிப்பறிதலில் உரைத்த வள்ளுவப் பெருந்தகையே, உருவத்தைக் கண்டு ஒருவரை இகழலாகாது என்றும் பிறிதோரிடத்தில் எச்சரித்திருக்கிறார். இவ்விரண்டும் முரண்பட்டவையல்ல. கோபம், மகிழ்ச்சி, அச்சம் ஆகியவை முகத்தில் வந்து போகும் சலனங்கள். அவற்றைப் படிப்பது நுண்ணறிவு, அவற்றைப் படைப்பது நடிப்பு. மூக்கும் நிறமும் தழும்புமோ நிலையாக அமைந்தவை. அவற்றிலிருந்து குணத்தை ஊகிப்பது அறியாமை.

இந்த அறியாமையினால் விளையும் துன்பத்தைப் பிற நாடுகள் உணரத் தொடங்கியிருக்கின்றன. அமெரிக்கத் திரைப்படக் கழகம் வரிசைப்படுத்திய புகழ்பெற்ற வில்லன்களில் முதல் பத்துப் பேரை ஆராய்ந்த தோல் மருத்துவர்கள், அவர்களில் ஆறு பேருடைய தோலில் தழும்போ மருவோ வழுக்கையோ போன்ற குறிகள் இருப்பதை 2017-இல் எடுத்துக்காட்டினார்கள். முகத்தில் தழும்பும் மாற்றமும் உடையவர்களுக்காகப் பிரிட்டனில் நடந்த இயக்கத்தின் பயனாக, வில்லனைக் குறிப்பதற்கு முகத் தழும்பைப் பயன்படுத்தும் படங்களுக்கு இனி நிதி உதவி செய்வதில்லை என்று பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2018-இல் அறிவித்தது. தீக்காயத்தால் முகம் மாறிப்போன ஒரு பெண், அமிலவீச்சுக்கு இரையான ஒரு பெண், பிறவியிலேயே உதடு பிளந்த ஒரு பையன் ஆகியோர் பள்ளியிலும் வீதியிலும் எத்தகைய பார்வைகளைச் சந்திக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த அறிவிப்பின் நியாயம் நமக்கும் விளங்கும்.

இயக்குநர்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் போகவில்லை. இரண்டரை மணி நேரத்தில் ஒரு வாழ்க்கையைச் சொல்லி முடிக்க வேண்டியவருக்கு, இரண்டு நிமிஷமே வந்து போகும் பாத்திரத்தை ரசிகன் உடனே புரிந்துகொள்ள வேண்டும் என்ற நெருக்கடி உண்டு. தந்தைக்கும் மகனுக்கும் ஓரளவு சாயல் இருக்க வேண்டும். கரிசல் பூமியின் விவசாயி என்றால் அந்த மண்ணின் வெயில் முகத்தில் தெரிய வேண்டும். சரித்திர புருஷரைக் காட்டும்போது அறிந்த உருவத்திற்கு முற்றும் மாறாக இருத்தல் கூடாது. போட்ட பணம் திரும்பி வர வேண்டுமே என்று தயாரிப்பாளர் கவலைப்படுவதும் இயல்பே. வயது, பிரதேசம், குடும்பச் சாயல் ஆகியவற்றிற்குப் பொருத்தம் பார்ப்பதை எவரும் ஆட்சேபிக்கவில்லை. நல்லவன், கெட்டவன், அறிவாளி, மூடன், காதலுக்கு உரியவள், கேலிக்கு உரியவள் என்று ஆத்மாவின் குணங்களை முகத்தின் அமைப்பிலிருந்து வரையறுப்பதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

பணத்தைப் பற்றிய கவலைக்கும் நமது சமீப காலத்துப் படங்களே பதில் சொல்லிவிட்டன. கூட்டத்தில் ஒருவராக நின்ற விஜய் சேதுபதி 2010-இல் 'தென்மேற்குப் பருவக்காற்'றின் நாயகனாகி, இன்று நாடறிந்த நடிகராக இருக்கிறார். நாயகனுக்குரிய முகமா இது என்று எள்ளப்பட்ட தனுஷ், 'ஆடுகள'த்திற்கும் 'அசுர'னுக்கும் நாட்டின் சிறந்த நடிகர் என்ற விருதைப் பெற்றார். 'விருமாண்டி'யில் நம்மை நடுங்க வைத்த பசுபதி, 'வெயி'லில் தோற்றுப்போன ஒரு மகனின் துயரத்தையும், 'சார்பட்டா பரம்பரை'யில் ஒரு குத்துச்சண்டை ஆசானின் கம்பீரத்தையும் காட்டினார். சிரிப்புக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த கோவை சரளா 2022-இல் 'செம்பி'யிலும், வடிவேலு 2023-இல் 'மாமன்ன'னிலும், சூரி அதே ஆண்டு 'விடுதலை'யிலும், தங்கள் முகங்களில் இத்தனை காலம் எவரும் கேட்காத துயரத்தையும் வீரத்தையும் வெளிக்கொணர்ந்தார்கள். ஜனங்கள் இவர்களை நிராகரிக்கவில்லை, மனமார ஏற்றுக்கொண்டார்கள். ரசிகர்கள் விரும்பமாட்டார்கள் என்று ரசிகர்களின் தலையில் பழியைப் போடும் வாதம் இனிமேல் செல்லாது.

ஆகவே, படம் எடுக்கிறவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: புகைப்படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குரலைக் கேளுங்கள், ஒரே காட்சியை இரண்டு எதிரான வேஷங்களில் நடிக்கச் சொல்லிப் பாருங்கள், வில்லன் முகம் என்று மனம் முதலில் சொல்லும் முகத்திற்கு நல்லவனின் வேஷத்தை ஒருமுறையேனும் கொடுத்துப் பாருங்கள். நடிப்புப் பள்ளிகளில் பயிற்றுவிக்கிறவர்கள், மாணவனுடைய முகத்தைக் கண்டு அவனுடைய எல்லையைச் சொல்லிவிடாதிருக்க வேண்டும். பத்திரிகைகளில் விமரிசனம் எழுதுகிறவர்கள், நடிகருடைய தோற்றத்தைப் பரிகசிக்கும் வார்த்தைகளை அறவே விலக்க வேண்டும். ரசிகர்களாகிய நாம், திரையில் ஒரு முகத்தைக் கண்டவுடன் மனம் கூறும் முதல் தீர்ப்பைச் சற்றே நிறுத்தி வைத்து, அந்த மனிதர் என்ன செய்கிறார் என்று பார்த்த பிறகே அவரை மதிப்பிடப் பழக வேண்டும். ஏனெனில் கொட்டகையில் கற்றுக்கொண்ட பழக்கத்தைத்தான் வேலைக்கு ஆள் எடுக்கும்போதும், பெண் பார்க்கும்போதும், வீதியில் அந்நியர் ஒருவரைச் சந்தேகிக்கும்போதும் நாம் கையாளுகிறோம். முகம் எவரும் கேட்டுப் பெற்றதன்று. நடிப்போ உழைத்துத் தேடிக்கொண்டது. வேஷத்தை உழைப்புக்குக் கொடுப்பதே தர்மம்.